திரையின் ஓரம் எதற்கு? பிரவுசர் சைடுபாரும் பேனல்களும், தொடக்கத்திலிருந்து

தமிழக-கேரள எல்லைப் பக்கம், போடியிலோ வண்டன்மேட்டிலோ ஏலக்காய் வாங்கி விற்கும் கடையின் மேசையைப் பாருங்கள். நடுவில் மாதிரிக் காய் கொட்டிய தட்டு இருக்கும். கால்குலேட்டரும் பற்று வரவு நோட்டும் போனும் ஓரத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கும். நோட்டில் ஒரு தொகையைப் பார்ப்பதற்காக யாரும் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வருவதில்லை.

அதே கடையின் கம்ப்யூட்டரில் தினமும் அதுதான் நடக்கிறது. விலைப் பட்டியல் ஒரு டேப்பில், வாட்ஸ்அப் இன்னொரு டேப்பில், மலையாளக் கடிதத்தைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு மூன்றாவது டேப்பில். ஒன்றைப் பார்க்க மற்றொன்றை மறைக்க வேண்டியிருக்கிறது. திரும்பி வருவதற்குள் பார்த்த எண் மனதிலிருந்து போய்விடுகிறது, மறுபடியும் டேப் மாற்ற வேண்டியிருக்கிறது. மேசையின் ஓரத்தைப் போலத் திரையின் ஓரத்தையும் வேலைக்கு வைக்கலாம். அதற்காகத்தான் பிரவுசரில் சைடுபார் இருக்கிறது.

மூன்று சொற்களைப் பிரித்துக்கொண்டால் மற்றது எளிது. திரையின் இடது அல்லது வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக நிற்கும் ஐகான் வரிசைதான் சைடுபார். ஐகானை அழுத்தினால் பக்கத்தில் விரிகிற பலகை பேனல். அந்தப் பலகைக்குள் ஒரு முழு வலைத்தளமே திறந்தால் அது வெப் பேனல். புக்மார்க், ஹிஸ்டரி, டவுன்லோடு, குறிப்பு போன்றவை பிரவுசரே தருகிற பேனல்கள், அவை லேசானவை. வெப் பேனல் ஒரு டேப்புக்குச் சமம், அதே அளவு மெமரி எடுக்கும். எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) போடும் பேனல்களும் உண்டு. அவற்றின் சிக்கலைப் பின்னால் பார்ப்போம்.

இது புதிய யோசனை இல்லை. 1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-லேயே இடது ஓரத்தில் ஹிஸ்டரியும் ஃபேவரிட்ஸும் விரியும். 2000-இல் நெட்ஸ்கேப் 6 தன் சைடுபாரை முன்னிறுத்தியது. நடுவில் பல பிரவுசர்கள் இளைத்து ஒரே வரிப் பட்டையாக மாறின. அகலத் திரைகள் பரவிய பிறகு ஓரம் மறுபடியும் பயனுக்கு வந்திருக்கிறது.

அகலம் மிச்சம், உயரம் பற்றாக்குறை

எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் திரையின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறந்தால் ரெசல்யூஷனும் (திரையில் உள்ள பிக்சல் புள்ளிகளின் எண்ணிக்கை) ஸ்கேலும் (எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் சதவீதம்) தெரியும். பழைய, விலை குறைந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் 1366 × 768 என்று இருக்கும். 1920 × 1080 என்று இருந்து ஸ்கேல் 125 சதவீதம் என்றால், பிரவுசருக்குக் கிடைப்பது உண்மையில் 1536 × 864 தான். 1920-ஐ 1.25-ஆல் வகுத்துப் பாருங்கள். இதைக் கவனிக்காமல் 'ஃபுல் எச்டி ஸ்கிரீன்தானே, ஏன் இடம் பத்தலை?' என்று குழம்புகிறவர்கள் பலர்.

1366 × 768 திரையை எடுத்துக்கொள்வோம். கீழே விண்டோஸ் 10 டாஸ்க்பார் 40 பிக்சல் எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் 11 என்றால் 48. மேலே டேப் வரிசை, அட்ரஸ் பார், புக்மார்க் பார் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 110. மிச்சம் உயரம் 610-ஐ ஒட்டித்தான். ஆனால் அகலம் முழு 1366-உம் சும்மா கிடக்கிறது. பெரும்பாலான தளங்கள் சுமார் 1000 பிக்சலுக்குள் தங்கள் விஷயத்தை முடித்துவிட்டு, இரு பக்கமும் வெள்ளையாக விட்டுவிடுகின்றன. ஆகவே உயரத்தைத் தின்னும் எதையும் குறைக்க வேண்டும், சும்மா கிடக்கும் அகலத்தில் பேனலை வைக்க வேண்டும். கீழே வரும் அமைப்புகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பவைதான்.

பேனல் எவ்வளவு அகலம் இருக்கலாம்? இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். இன்றைய தளங்கள் கிடைக்கும் அகலத்தைப் பார்த்துத் தங்கள் அமைப்பை மாற்றிக்கொள்பவை. பரவலாகப் பயன்படும் பூட்ஸ்ட்ராப் என்ற கட்டமைப்பில் 768, 992, 1200 பிக்சல் என்று எல்லைக்கோடுகள் உண்டு. ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கியதும் தளம் 'இது டேப்லெட்' அல்லது 'இது போன்' என்று எடுத்துக்கொள்ளும். மேல் மெனு மூன்று கோட்டு ஐகானாகச் சுருங்கும், பக்கவாட்டில் இருந்த பெட்டிகள் அடியில் போய் விழும்.

ஐகான் வரிசைக்கு 40 பிக்சல், பேனலுக்கு 300 என்றால் பக்கத்துக்கு மிஞ்சுவது 1026. 992-க்கு மேலே இருக்கிறது, தொந்தரவில்லை. பேனலை இன்னும் 50 பிக்சல் மட்டும் இழுத்து 350 ஆக்குங்கள்: மிச்சம் 976. எல்லை தாண்டிவிட்டது. மெனு காணாமல் போகும். 'பேனலைத் திறந்தால் சைட் கெட்டுப்போகிறது' என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த 50 பிக்சல் விவகாரம்தான். பேனலைச் சற்றுக் குறுக்குங்கள். குறுக்க முடியாதென்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மைனஸ் தட்டி அந்தப் பக்கத்தை மட்டும் 90 சதவீதம் ஆக்குங்கள். 976 பிக்சல் இடத்தைத் தளம் 1084 என்று எண்ணிக்கொள்ளும், மெனு திரும்பி வந்துவிடும். பழைய அளவுக்கு வர கன்ட்ரோலும் பூஜ்யமும்.

இடதா, வலதா?

இதைக் கண்ணுக்கு எது அழகு என்று பார்த்து முடிவு செய்வார்கள். தினமும் பார்க்கும் பக்கத்தை வைத்து முடிவு செய்வதுதான் சரி.

மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு வெளியிடும் சிறு ஏலக்காய் ஏல விலைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் புற்றடியிலும் தமிழகத்தின் போடியிலும் நடக்கும் மின் ஏலத்தின் முடிவுகள் அதில் வரும். வரிசை எண், தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட் (ஏலத்துக்கு வரும் ஒரு தொகுதி காய்) எண்ணிக்கை, வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று இடமிருந்து வலமாக எட்டுப் பத்திகள். வியாபாரியின் கண் முதலில் தேடுவது சராசரி விலை. அது வலது கோடியில் இருக்கிறது. பேனலை வலப்பக்கம் வைத்து, அது பக்கத்தின் மேல் மிதக்கும்படி விட்டால், முதலில் மறைவது அந்தப் பத்திதான். இடப்பக்கம் வைத்தால் மறைவது வரிசை எண்ணும் தேதியும். நஷ்டமில்லை.

வலப்பக்கத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. பக்கத்தின் ஸ்க்ரோல் பாரும் பேனலின் அகலத்தை மாற்றும் ஓரக்கோடும் ஒட்டி ஒட்டி நிற்கும். பக்கத்தைக் கீழே இழுக்கப் போய்ப் பேனலை அகலப்படுத்திவிடுவீர்கள். மவுஸில் பழகாத பெரியவர்கள் இதில் ரொம்பச் சிரமப்படுவார்கள். கணக்கு, விலை, பட்டியல் பார்ப்பவர்களுக்கு என் தேர்வு இடப்பக்கம்தான். நீளமாகத் தமிழில் கட்டுரை எழுதுபவருக்கு மட்டும் வலப்பக்கம் நல்லது, ஏனென்றால் வரியின் தொடக்கம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும்.

விவால்டியில் செய்து பார்ப்போம்

பேனலுக்காகவே ஒரு பிரவுசரைத் தேர்வு செய்வதானால் அது விவால்டி. 2016 ஏப்ரலில் முதல் நிலையான பதிப்பு வந்தது. எந்த வலைத்தளத்தையும் எக்ஸ்டென்ஷன் இல்லாமலே ஓரத்தில் வைக்கலாம். குரோமின் அதே என்ஜின் என்பதால் குரோமில் ஓடும் தளங்கள் இதிலும் ஓடும்.

எஃப்4 விசையை அழுத்தினால் பேனல் திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடும். லேப்டாப்பில் எஃப்4 ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றினால் எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்துங்கள். முதலில் வைக்க வேண்டிய தளத்தைச் சாதாரண டேப்பில் திறந்துகொள்ளுங்கள். பிறகு ஐகான் வரிசையின் அடியில் இருக்கும் பிளஸ் குறியை அழுத்துங்கள். திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியே பெட்டியில் வந்து நிற்கும். சேர்த்தால் அந்தத் தளத்தின் ஐகான் வரிசையில் ஏறிவிடும். ஐகான்களை மவுஸால் இழுத்து மேலே கீழே மாற்றலாம்.

பேனலின் ஓரக்கோட்டைப் பிடித்து இழுத்தால் அகலம் மாறும். செட்டிங்ஸில் 'பேனல்' பகுதிக்குப் போனால் இடம் வலம், மிதக்கும் பேனல், பயன்படுத்தாதபோது தானாக மூடுவது ஆகியவை இருக்கும். 'ஃப்ளோட்டிங்' என்பதைத் தேர்ந்தால் பேனல் பக்கத்தைச் சுருக்காது, அதன் மேல் படியும். மேலே சொன்ன 992 கணக்கே அப்போது வராது. சட்டென்று திறந்து பார்த்து மூடுகிற பேனலுக்கு மிதப்பது நல்லது. நாள் முழுக்கத் திறந்தே இருக்கும் பேனலுக்கு மிதப்பு ஆகாது, எப்போதும் எதையாவது மறைத்துக்கொண்டே இருக்கும்.

இனி முக்கியமான ஒன்று. விவால்டி வெப் பேனலில் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் முதலில் கேட்கும், ஏனென்றால் பேனல் போன் அளவுக்குத்தான் இருக்கிறது. செய்தித் தளம், வானிலை, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் இது சரி. வாட்ஸ்அப் வெப்புக்கு மட்டும் சரிப்படாது. போனிலிருந்து வருகிறீர்கள் என்று எண்ணி, க்யூஆர் கட்டம் காட்டுவதற்குப் பதில் ஆப்பை டவுன்லோடு செய்யச் சொல்லும். ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ஷோ டெஸ்க்டாப் வெர்ஷன்' என்பதைத் தேர்ந்தால் க்யூஆர் வரும். அதன் பிறகும் இடம் போதாது: பெயர்ப் பட்டியலும் உரையாடலும் இரண்டு பத்தியாக வரும், 300 பிக்சலில் இரண்டும் நசுங்கும். அந்த ஒரு பேனலை மட்டும் 500-ஐ ஒட்டி அகலப்படுத்தி, அது திறந்திருக்கும்போது மிதப்பை வையுங்கள். ஒவ்வொரு வெப் பேனலுக்கும் 'செபரேட் விட்த்' என்று தனி அகலம் வைக்க முடியும் என்பதால் மற்றவை 300-லேயே நிற்கும்.

எல்லையோரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் முதலில் வைக்கச் சொல்லும் பேனல் வாட்ஸ்அப் இல்லை, கூகுள் டிரான்ஸ்லேட். குமுளிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் கம்பத்துக்காரருக்கு வரி, பஞ்சாயத்து, மின்கட்டணம் எல்லாம் மலையாளத்தில் வரும். பக்கம் முழுவதையும் மொழிபெயர்த்தால் படிவத்தின் கட்டங்கள் கலைந்து, எந்தத் தலைப்பு எந்தப் பெட்டிக்கு என்றே தெரியாமல் போகும். பேனலில் மலையாளம், தமிழ் என்று இரு மொழியையும் ஒருமுறை வைத்துவிட்டு, புரியாத வரியை மட்டும் காப்பி செய்து போட்டால் அசல் பக்கம் அப்படியே நிற்கும், அதில் நேராக நிரப்பலாம். தட்டச்சில் ஒரு கவனம் வேண்டும். தமிழில் 'ஏலம்' என்றால் காயும் அதுதான், கூவி விற்பதும் அதுதான். மலையாளத்தில் காய்க்கு 'ஏலம்', விற்பனைக்கு 'லேலம்'. வெறுமனே 'ஏலம்' என்று தட்டினால் இயந்திரம் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். 'ஏலக்காய்', 'ஏல விற்பனை' என்று முழுதாகத் தட்டுங்கள்.

மூன்றாவதாக 'நோட்ஸ்' பேனல். இது விவால்டிக்குள்ளேயே இருக்கிறது, இணையம் தேவையில்லை. மலைப்பாதையில் சிக்னல் போனாலும் திறக்கும். லாட் எண், கேட்ட விலை, யாருக்கு எத்தனை மூட்டை என்று தட்டி வைக்கலாம்.

இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வானிலை, முல்லைப் பெரியாறு நீர்மட்டம், நாலு செய்தித்தாள் என்று பத்துப் பேனல் வைத்தால் ஐகான்களில் எது எது என்று தேடவே நேரம் போகும். அணை நீர்மட்டம் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு முக்கியம்தான். ஆனால் காலையில் ஒருமுறை பார்த்தால் முடிந்தது. அதற்கு ஒரு புக்மார்க் போதும். வேலையின் நடுவே திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு மட்டும்தான் ஓரத்தில் இடம்.

மற்ற பிரவுசர்கள்

ஃபயர்பாக்ஸில் 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து புதிய சைடுபாரும் செங்குத்து டேப்பும் (டேப்புகள் மேலே இல்லாமல் ஓரத்தில் மேலிருந்து கீழாக நிற்பது) இருக்கின்றன. செட்டிங்ஸில் 'ஜெனரல்' பகுதியில் 'பிரவுசர் லேஅவுட்' என்ற தலைப்பைத் தேடுங்கள். 'ஷோ சைடுபார்' என்பதை டிக் செய்தால் ஐகான் வரிசை வரும். அதன் அடியில் உள்ள பற்சக்கரக் குறியில் எந்தப் பேனல் வேண்டும், இடமா வலமா என்று முடிவு செய்யலாம். புக்மார்க் பேனலுக்குக் கன்ட்ரோலும் பி-யும், ஹிஸ்டரிக்குக் கன்ட்ரோலும் எச்-சும்.

ஆனால் ஃபயர்பாக்ஸில் விரும்பிய தளத்தை நேராக ஓரத்தில் வைக்க வழியில்லை. முன்பு இருந்தது: ஒரு புக்மார்க்கை 'சைடுபாரில் திற' என்று குறித்து வைக்கலாம். 2018-இல் 63-ஆம் பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். இன்றும் பழைய வழிமுறையைப் படித்துவிட்டு அந்த டிக் பெட்டியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது இனி கிடையாது, எக்ஸ்டென்ஷன்தான் வழி. எக்ஸ்டென்ஷன் போட்டாலும் சில தளங்கள் திறக்காமல் பிழைச் செய்தி மட்டும் காட்டும். உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை. தன் பக்கத்தை வேறொரு சட்டத்துக்குள் திறக்கக்கூடாது என்று அந்தத் தளமே சர்வரிலிருந்து கட்டளை அனுப்புகிறது. போலிப் பக்கத்துக்குள் உண்மைத் தளத்தை மறைத்து வைத்து ஏமாற்றுவதைத் தடுக்க வங்கிகளும் அரசுத் தளங்களும் அப்படி வைப்பது நியாயம். அதை உடைக்கிறேன் என்று சொல்லும் எக்ஸ்டென்ஷனை வங்கி பார்க்கும் பிரவுசரில் போடாதீர்கள்.

குரோமில் சைடு பேனல் 2022-இல் வந்தது. புக்மார்க், ரீடிங் லிஸ்ட் போன்றவை அதில் திறக்கும். பேனலின் தலையில் இருக்கும் பின் குறியை அழுத்தினால் அதன் ஐகான் மேல் பட்டையில் நிலைத்து நிற்கும். இடம் வலம் மாற்ற செட்டிங்ஸில் 'அப்பியரன்ஸ்'. விரும்பிய தளத்தை வைக்க இதிலும் எக்ஸ்டென்ஷன் தேவை. எட்ஜில் கன்ட்ரோல், ஷிஃப்ட், கமா மூன்றையும் அழுத்தினால் டேப்புகள் இடப்பக்கம் போய் நிற்கும். அந்த ஒன்றுக்காகவே பலர் அதை வைத்திருக்கிறார்கள். ஓப்பராவில் வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் சைடுபாரிலேயே தயாராக இருக்கும், மற்றதற்கு விவால்டி அளவு சுதந்திரம் கிடையாது.

ஒன்றைக் கவனியுங்கள். பேனலில் வைக்க நினைக்கும் பக்கத்துக்கும் 600 பிக்சலுக்கு மேல் தேவைப்பட்டால் அது பேனல் வேலையே இல்லை. இரண்டு ஜன்னல்களாகத் திறந்து, விண்டோஸ் விசையோடு இடது அம்பு, வலது அம்பு அழுத்துங்கள். ஆளுக்கு 683 பிக்சல் கிடைக்கும்.

மேல்பட்டையில் உயரத்தை மீட்பது

பேனல் அகலத்தைப் பயன்படுத்துகிறது. உயரத்தை மேலிருந்து மீட்க வேண்டும். முதலில் புக்மார்க் பார். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தினால் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். ஏறத்தாழ 30 பிக்சல் மிச்சம். ஃபயர்பாக்ஸில் 'ஒன்லி ஷோ ஆன் நியூ டேப்' என்ற நடுவழியும் உண்டு.

அடுத்தது செங்குத்து டேப். மேல் வரிசை போய்விடும், இன்னொரு 40 கிடைக்கும். இரண்டும் சேர்த்து 70. விலைப் பட்டியலில் கூடுதலாக இரண்டு வரிகள் ஸ்க்ரோல் செய்யாமலே தெரியும். தமிழ், மலையாளத் தளங்களை ஒன்றாகத் திறப்பவர்களுக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. 20 டேப் மேல் வரிசையில் நெருங்கினால் தலைப்பில் இரண்டு எழுத்துகூடத் தெரியாது, ஐகானை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். செங்குத்தாக நின்றால் தலைப்பே படிக்கத் தெரியும்.

ஃபயர்பாக்ஸில் மேல்பட்டையில் ரைட் கிளிக் செய்து 'கஸ்டமைஸ் டூல்பார்' திறந்தால் பொத்தான்களை இழுத்துச் சேர்க்கலாம், எடுக்கலாம். அட்ரஸ் பாரின் இரு பக்கமும் இருக்கும் 'ஃப்ளெக்சிபிள் ஸ்பேஸ்' என்ற வெற்றிடங்களைக் கீழே இழுத்துப் போட்டால் முகவரி முழுதாகத் தெரியும். போலித் தளத்தைக் கண்டுபிடிக்க முகவரி முழுதாகத் தெரிவது அவசியம், ஆகவே இதைச் செய்யாமல் விடாதீர்கள். எதையாவது சொதப்பிவிட்டால் அதே திரையின் அடியில் 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' இருக்கிறது.

இன்னும் நெருக்க வேண்டும் என்பவர்கள் ஃபயர்பாக்ஸின் 'காம்பாக்ட்' அடர்த்தியைத் தேடுவார்கள். 2021-இல் 89-ஆம் பதிப்பிலிருந்து அது மறைந்து கிடக்கிறது. ஆங்கிலத் தலைப்புகளுக்கு அது பரவாயில்லை. தமிழுக்குப் பட்டை ரொம்பக் குறுகினால் 'கி', 'கீ'யின் மேல் கொக்கியும் 'மு', 'கூ'வின் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும். 11 பிக்சல் எழுத்தில் 'ர'-வும் துணைக்காலும் ஒன்றுபோலவே தெரியும், 'ன'-வும் 'ண'-வும் குழம்பும். எழுத்து 13-க்குக் குறையாமல் இருக்கட்டும். பேனலில் திறக்கும் தளங்களின் எழுத்து பொடியாக இருந்தால் ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் 'ஃபான்ட்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய், 'ஃபான்ட்ஸ் ஃபார்' பட்டியலில் தமிழைத் தேர்ந்து குறைந்தபட்ச அளவை வையுங்கள். மலையாளத்துக்கு அதே பட்டியலில் தனியாக வைக்க வேண்டும். ஒன்றுக்கு வைத்தால் மற்றதற்குச் சேராது. விண்டோஸில் நிர்மலா யுஐ என்ற எழுத்துரு இரண்டு மொழிக்கும் பொருந்தும்.

செட்டிங்ஸில் இல்லாததையும் மாற்ற ஃபயர்பாக்ஸில் 'யூசர்குரோம்' என்ற சிஎஸ்எஸ் கோப்பு (தோற்றத்தை மாற்றும் கட்டளைகள் கொண்டது) உண்டு. தொடக்கக்காரர்கள் இதைத் தொடத் தேவையில்லை; ஆனால் யாரோ எழுதிய கோப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, 2019-இல் வந்த 69-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி அணைத்தே வருகிறது. ஃபயர்பாக்ஸின் மறைவான அமைப்புகள் இருக்கும் 'அபவுட் கான்ஃபிக்' பக்கத்தில் 'ஸ்டைல்ஷீட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடி, 'டூல்கிட்' என்று தொடங்கும் வரியை 'ட்ரூ' ஆக்க வேண்டும். இரண்டாவது, கோப்பு, பிரவுசர் உங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் புரொஃபைல் ஃபோல்டருக்குள் 'குரோம்' என்ற பெயரில் நீங்களே உருவாக்கும் ஃபோல்டரில் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதை மறைத்துவிடும், பார்க்கச் சரியாகவே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்தால் வால் தெரியும், வெட்டிவிடுங்கள். பிறகு பிரவுசரை மூடித் திறக்க வேண்டும்.

திடீரென்று எல்லாம் மறைந்தால்

மேல்பட்டை, பேனல் எல்லாம் ஒரேயடியாகக் காணோம் என்றால் பயப்பட வேண்டாம். விவால்டியில் கை தவறிக் கன்ட்ரோலும் எஃப்10-உம் அழுத்தியிருப்பீர்கள். அதையே மறுபடி அழுத்துங்கள். எந்த பிரவுசரிலும் எஃப்11 முழுத்திரையாக்கும், அதுவும் மறுபடி அழுத்தினால் போய்விடும். ஃபயர்பாக்ஸில் ஒரு எக்ஸ்டென்ஷனோ சிஎஸ்எஸ் கோப்போ குழப்பினால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே திறந்தால் 'ட்ரபிள்ஷூட் மோடு' வரும். அதில் எல்லாம் சரியாக இருந்தால் குற்றவாளி நீங்கள் சேர்த்த ஏதோ ஒன்று. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் மெதுவானால் ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்துங்கள். குரோம், விவால்டி இரண்டிலும் எந்தப் பக்கம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்ற பட்டியல் வரும். ஃபயர்பாக்ஸிலும் அதே விசைதான். மூடிய பேனலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் வாட்ஸ்அப் பேனல் ஒன்றே நூற்றுக்கணக்கில் எம்பி எடுப்பதைப் பார்க்கலாம். அந்த மாதிரி கம்ப்யூட்டரில் வெப் பேனல் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

விலைப் பக்கம் தானாகப் புதுப்பிக்க விவால்டியில் டேப்பில் ரைட் கிளிக் செய்து 'பீரியாடிக் ரீலோடு' வைக்கலாம். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறவர்கள் அடிக்கடி புதுப்பிக்கும்படி வைத்தால் மதியத்துக்குள் அன்றைய டேட்டா கரைந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை தாராளம். படிவம் நிரப்பும் டேப்பில் மட்டும் இதை வைக்கவே கூடாது, தட்டியது எல்லாம் போய்விடும்.

பலர் உட்காரும் கம்ப்யூட்டர்

கம்பத்தில் இ-சேவை மையம், மேலே குமுளியில் கேரளத்தின் அதே மாதிரியான அக்ஷயா மையம், நடுவில் ஜெராக்ஸ் கடைகள். இங்கெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் நாளுக்குப் பல பேருடைய வேலை நடக்கும். அந்த இடத்தில் சைடுபார் ஆபத்தாகவும் முடியும். டவுன்லோடு பேனலைத் திறந்து வைத்தால் முந்தைய வாடிக்கையாளரின் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகக் கோப்புகள் பெயரோடு வரிசையாக நிற்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் படிக்கலாம். ஹிஸ்டரியும் அப்படியே. வாடிக்கையாளர் பார்க்கும் திரையில் இந்த இரண்டு ஐகானையும் எடுத்துவிடுங்கள். ஐகானை எடுத்தால் பட்டியல் அழியாது. மாலையில் கடை மூடும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் அழுத்தி ஹிஸ்டரியை அழித்து, டவுன்லோடு ஃபோல்டரில் உள்ள கோப்புகளையும் தனியாக அழிக்க வேண்டும்.

வெப் பேனலும் டேப்பும் ஒரே லாகினைப் பகிர்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். பேனலில் கடையின் ஜிமெயில் திறந்திருந்தால், டேப்பில் வாடிக்கையாளருக்காகத் திறக்கும் ஜிமெயிலும் கடையின் கணக்கில்தான் போய் நிற்கும். அவசரத்தில் அவருடைய சான்றிதழ் கடையின் அஞ்சலிலிருந்து போய்விடும். கடை வேலைக்கு ஒரு புரொஃபைல் (தனி லாகின், தனி அமைப்புகளோடு ஓடும் பிரவுசர்), வாடிக்கையாளர் வேலைக்கு இன்னொரு புரொஃபைல் என்று பிரித்து வையுங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனி நிறத் தீம் கொடுத்தால் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது பார்த்த உடனே தெரியும். வாட்ஸ்அப், நோட்ஸ், டிரான்ஸ்லேட் கடை புரொஃபைலில் இருக்கட்டும். வாடிக்கையாளர் புரொஃபைலில் டிரான்ஸ்லேட் ஒன்று போதும்.